கதவோரச் சீட்

ராத்திரி மணி பதினொன்றே முக்கால். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மலைக்காட்டுக்குள் ஒரு சாலையோரமாக எங்கள் வேன் நிற்கிறது. உள்ளே ஆறு பேர். கதவோரச் சீட்டில் நான். ஷூ லேஸை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டியாயிற்று. நெற்றியில் விளக்கு, நெஞ்சிலும் முதுகிலும் மினுக் மினுக்கென்று குட்டி விளக்குகள், அதற்குமேல் ரிஃப்ளெக்டர் சட்டை. கையில் அம்மா கொடுத்தனுப்பிய உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு. இன்னும் பத்து நிமிஷத்தில் இந்த இருட்டுக்குள்ளிருந்து எட்டு ஓடி வருவார். அவர் வந்ததும் நான் கிளம்ப வேண்டும். கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது!

எட்டு என்பது ஆள். இந்த இரண்டு நாளும் எங்கள் வேனில் யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். ஏழு ஒரு நர்ஸ். எட்டு ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார், வயது 61. பத்து, ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. பதினொன்று அவளுடைய தங்கை. பன்னிரண்டு எங்கள் கேப்டன். நான் ஒன்பது. வண்டி ஓட்டுவது ஏழின் அண்ணன். ஓடாத ஒரே ஆள் அவர்தான் என்பதால் அவருக்குப் பூஜ்யம் என்று பேர் வைத்தோம். மனிதர் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டு சட்டை முதுகில் பெரிதாக எழுதிப் போட்டுக்கொண்டார். வருஷம் முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தோழியை ஆகஸ்ட் கடைசி வந்தால் “பத்து, அந்தத் தண்ணியை எடு” என்பேன். அவளும் சட்டென்று திரும்புவாள்.

போட்டியின் பேர் ஹூட் டு கோஸ்ட். பேரிலேயே வழி இருக்கிறது: ஹூட் மலையிலிருந்து கடற்கரைக்கு. மலையின் தோளில், சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிற டிம்பர்லைன் லாட்ஜ் வாசலில் தொடக்கம். பசிபிக் கரையில் சீசைட் என்கிற ஊரின் மணலில் முடிவு. நடுவில் ஏறக்குறைய 199 மைல், நம் கணக்கில் 320 கிலோமீட்டர். இதை 36 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு லெக். ஓர் அணிக்கு 12 பேர் வரை, ஆளுக்கு மூன்று லெக். ஒன்றாம் ஆள் ஓடி இரண்டாம் ஆளிடம் ஒப்படைக்க, பன்னிரண்டாம் ஆள் முடித்ததும் மறுபடியும் ஒன்றாம் ஆள். பகல், ராத்திரி, திரும்பவும் பகல். எந்த நிமிஷத்திலும் அணியில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மைலுக்கு ஒன்பது நிமிஷம் என்கிற எங்கள் வேகத்தில் முடிக்க 30 மணி நேரம் ஆகும். 1995-ல் நைகியின் மாம்பு பாடு என்கிற அணி 15 மணி 44 நிமிஷம் 55 விநாடியில் ஓடி முடித்தது. எங்களுக்கு ஆகிற நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்! அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை தட்டத்தான் தோன்றும்.

1982-ல் பாப் ஃபூட் என்கிற ஓட்டக்காரர் இதை ஆரம்பித்தபோது வந்தவை எட்டே எட்டு அணிகள். இன்று ஆயிரத்துக்கு மேல். இடம் கிடைப்பதே குலுக்கலில்தான். எங்கள் அணிக்கு இடம் விழுந்த அன்று கேப்டன் அனுப்பிய குறுஞ்செய்தியில் எழுத்தே இல்லை, வெறும் ஆச்சரியக்குறிகள். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு.

ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உங்களை வேனுக்குள் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்படுகிறேன். 30 மணி நேரத்தில் நான் ஓடுவது இரண்டரை மணி நேரம். மிச்சம் முழுக்க இந்தத் தகரப் பெட்டிக்குள்தான். எனக்கு இந்தப் போட்டி என்றால் இந்த வேன்தான்!

உள்ளே எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மீறவும் மாட்டார்கள். அடுத்து ஓடப்போகிறவருக்குக் கதவோரச் சீட். அதில் உட்கார்ந்தவரிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அவர் கேட்டதெல்லாம் கைக்கு வரும்: தண்ணீர், பாதி வாழைப்பழம், சட்டைக்கு ஒரு ஊக்கு. பேசாமல் இருங்கள் என்றால் அதுவும் கிடைக்கும். ஓடி முடித்து வந்தவருக்குக் கடைசி வரிசை முழுவதும். கால் நீட்டிக்கொள்ளலாம், ஈரத்துணி மாற்றிக்கொள்ளலாம், அழ வேண்டும் போலிருந்தால் அழலாம். நடுச் சீட்டில் கணக்குப்பிள்ளை. அட்டையில் பொருத்திய தாளில் யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்கு வருவார் என்று பென்சிலால் எழுதிக்கொண்டே இருப்பவர். ஒவ்வொரு லெக் முடிந்ததும் எல்லாரும் ஓர் இடம் நகர்வோம். வெள்ளி மதியம் ஆரம்பிக்கிற இந்த நகர்தல் சனி மதியம் வரை நிற்காது.

அடுத்த ரகசியம், ஜிப்லாக் பை. ஆளுக்கு மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு லெக்குக்கான சட்டை, டிரவுசர், சாக்ஸ். ஓடி வந்ததும் ஈரத்துணி அதே பைக்குள் போக வேண்டும். காற்றைப் பிதுக்கி, ஜிப்பை இழுத்து மூடி, காலுக்கடியில் தள்ளிவிட வேண்டும். இதைச் செய்யாத வேன் ராத்திரிக்குள் எப்படி மணக்கும் என்று முதல் வருஷமே தெரிந்துகொண்டோம். இப்போது போட்டிக்கு முந்தின சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பையையும் வரிசையாக வைத்து அதன்மேல் 9, 21, 33 என்று மார்க்கரில் எழுதுவது எனக்குக் கொலு வைக்கிற மாதிரி ஒரு சடங்கு.

அப்புறம் நார்த்தங்காய். ஆகஸ்ட் மதிய வெயிலில் ஓடும்போது உப்பெல்லாம் வியர்வையோடு போய்விடும். அதற்கென்று விதவிதமாக மாத்திரையும் பொடியும் விற்கிறார்கள். நான் சின்னச் சின்னதாக நறுக்கிய உப்பு நார்த்தங்காயை ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். கன்னத்தில் ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டால் இரண்டு மைலுக்கு நாக்கு வறளாது. முதல் வருஷம் ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். இந்த வருஷம் வண்டியில் ஏறியதும் எட்டு என்னைக் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கறுப்பு எலுமிச்சை எங்கே?”

வேன் 1, வேன் 2 என்று அணிக்கு இரண்டு வண்டிகள். ஒன்று முதல் ஆறு வரை ஒரு வண்டி, ஏழு முதல் பன்னிரண்டு வரை இன்னொன்று. அந்த ஆறு பேர் ஓடும்போது இந்த ஆறு பேர் சாப்பிட்டு, சாய்ந்து, அடுத்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பகல் ஷிஃப்டும் ராத்திரி ஷிஃப்டும் மாதிரி. ஒரே அணி, ஆனால் கடற்கரைக்கு முன்னால் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே ஐந்து தடவைதான். அந்த ஐந்து தடவையும் ஏதோ வருஷக்கணக்கில் பிரிந்திருந்த சொந்தக்காரர்களைப் போலக் கட்டிக்கொள்வோம்!

முதல் வருஷம் நான் வேன் 1-ல் இருந்தேன். அதனால் மலையுச்சித் தொடக்கத்தைப் பார்த்திருக்கிறேன். டிம்பர்லைன் லாட்ஜ் 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தில் கட்டியது; 1937-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து திறந்துவைத்தார். கல்லும் பெரிய பெரிய மரத்தூண்களுமாக நிற்கிற அதன் முன்னால் விடியற்காலைக் குளிரில் போர்வை போர்த்திய ஜனம். பின்னால் 11,000 அடிக்கு மேல் எழும்பி நிற்கிற மலை. ஆகஸ்டிலும் அங்கங்கே பனி. வேகம் குறைந்த அணிகளை முதலில் அனுப்புவார்கள், அசுர வேகக்காரர்களைக் கடைசியில். அப்போதுதான் சனிக்கிழமைக்குள் எல்லாரும் கடலைப் பார்க்க முடியும். முதல் லெக் முழுக்கச் சரிவு, சுமார் 2,000 அடி இறக்கம். பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். ஓடுகிறவர்களின் தொடைக்குத்தான் தெரியும், ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிற அடி என்று. எங்கள் ஒன்று அதை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறவள். அடுத்த இரண்டு நாள் அவள் படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாள்.

எங்கள் வேனின் கதை சாண்டி என்கிற ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் தொடங்குகிறது. அங்கேதான் ஆறு வந்து ஏழிடம் பட்டையை ஒப்படைக்கிறார். இந்தப் போட்டியில் கையில் பிடிக்கிற கட்டை கிடையாது. நீட்டி வைத்தால் ஸ்கேல் மாதிரி நிற்கும், மணிக்கட்டில் ஓங்கித் தட்டினால் சட்டென்று சுருண்டு ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டைதான். அந்தச் சத்தம் இருக்கிறதே, டப்! அதைக் கேட்ட நிமிஷம் உடம்பு தானாக முன்னால் பாய்கிறது. இன்றைக்கும் சமையலறையில் யாராவது டப்பா மூடியைத் தட்டி மூடினால் எனக்குக் கால் துருதுருக்கும்.

வெள்ளி மதியம் என் முதல் லெக் வெயிலில் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தார் சூடு, நார்த்தங்காய், ஒரு வீட்டு வாசலில் தோட்டக் குழாயால் எல்லார் மேலும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன். அவன் மகராசனாக இருக்கட்டும்! எனக்கு அப்புறம் ஓடியவர்களுக்கு ஸ்பிரிங்வாட்டர் பாதை. ஒரு காலத்தில் ரயில் போன தடம், இன்று ஓடுகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். அது போர்ட்லேண்ட் நகரத்துக்குள் கொண்டுவந்து விடும். 1910-லிருந்து கப்பலுக்காக நடுப்பகுதியைத் தூக்கி வழிவிட்டு வருகிற ஹாதோர்ன் பாலத்தடியில், வில்லமெட் ஆற்றங்கரையில், பன்னிரண்டு வேன் 1-க்குப் பட்டையைக் கொடுத்தார். சாயங்காலம் மணி ஐந்தே கால். முதல் சுற்று முடிந்தது. ஐந்து மணி நேரம் எங்களுக்கு ஓய்வு.

வேனின் ஜன்னல்களை நீங்கள் பார்க்க வேண்டும்! கண்ணாடியில் எழுதுகிற மார்க்கரால் எல்லா வண்டியிலும் அணியின் பேர், படங்கள், நம்பர்கள். பக்கவாட்டில் கட்டம் போட்டு, ஓடும்போது யார் எத்தனை பேரை முந்தினார்கள் என்று கோடு கிழிப்பது வழக்கம். ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, பால்காரர் கணக்கு மாதிரியே. நிற்கிற இடத்திலெல்லாம் மற்ற அணிக்காரர்கள் ஓசைப்படாமல் வந்து தங்கள் அணியின் காந்தப் படத்தை நம் வண்டியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். சாண்டியில் சுத்தமாக நின்ற எங்கள் பின்கதவில் ராத்திரிக்குள் ஒரு வாத்து, ஒரு டோனட், கண்ணாடி போட்ட ஒரு வாழைப்பழம் வந்து சேர்ந்திருந்தன. யார் ஒட்டினார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்க்க முடிந்ததில்லை.

இப்போது அந்தப் பதினொன்றே முக்காலுக்கு வருகிறேன்.

வேன் 1 செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் பட்டையை எங்களிடம் திருப்பிக் கொடுத்தபோது மணி பத்தேகால். அதற்குப் பிறகு வழி கோஸ்ட் ரேஞ்ச் மலைத்தொடருக்குள் நுழைகிறது. டக்ளஸ் ஃபர் மரங்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி. செல்போன் செத்துவிடும். கூகுள் மேப் கிடையாது, “எங்கே இருக்கே” என்று கேட்க வழி கிடையாது. பென்சில் கணக்கு ஒன்றுதான் துணை. அங்கங்கே தார் போடாத சரளைச் சாலை. அதில் நூற்றுக்கணக்கான வேன்கள் ஊர்ந்து போகிற புழுதி எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் மார்கழிப் பனி மாதிரி அப்படியே நிற்கிறது. ஈரக் கைக்குட்டையை வாயில் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

இருட்டில் ஓடுகிறவர்களைப் பார்ப்பது எனக்கு அலுக்காத காட்சி. ஆள் தெரிவதில்லை, சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. வளைவுக்கு வளைவு, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு, ஒரே வரிசையில். நான் திண்டுக்கல்லில் வளர்ந்தவள். தைப்பூசத்துக்கு முன்னால் ராத்திரி நேரத்தில் பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முதுகுப் பையில் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கர் மட்டும் பஸ் வெளிச்சத்தில் மின்னும். பின்னாலேயே அன்னதானப் பந்தல், சுக்குக் காபி, கால் பிடித்துவிடுகிற யாரோ. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காட்டுக்குள் ஓடப்போகிறேன் என்று முதல் தடவை போனில் சொன்னபோது அம்மா கோபப்பட்டாள். “என்னடி தலையெழுத்து உனக்கு?” என்றாள். விளக்கு, வேன், வழியெல்லாம் ஜனம், முன்னாலும் பின்னாலும் ஆள் என்று விவரித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்ப பழனிக்கு நடக்கறாப்ல தானே? சரி, துன்னூறு பூசிக்கிட்டு ஓடு” என்றாள். அடுத்த பார்சலில் வந்ததுதான் நார்த்தங்காய்.

“நம்பர் வருது, நம்பர் வருது!” பூஜ்யம் கதவைத் தட்டினார். கைமாற்றுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு தொண்டர் வாக்கி டாக்கியோடு நிற்பார். ஓடி வருகிறவரின் மார்பு நம்பரை டார்ச் அடித்துப் படித்துச் சொல்வார். கோட்டருகே நிற்பவர் அதை உரக்கக் கூப்பிடுவார். நான் குதித்து இறங்கினேன். புழுதிக்குள்ளிருந்து எட்டு வந்தார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. உடம்பு முழுக்க விபூதி பூசிய சாமியார் மாதிரி இருந்தார். பல் மட்டும் சிரித்தது. “அருமையான ராத்திரி!” என்று கத்திக்கொண்டே என் மணிக்கட்டில் அடித்தார். டப்!

வெளிச்சம், சத்தம், சிரிப்பு எல்லாம் ஐம்பதே அடியில் பின்னால் போய்விட்டன. என் விளக்கு போடுகிற வட்டம், அதற்குள் என் இரண்டு கால், மூச்சுச் சத்தம். குளிர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஈர மண்ணும் ஊசியிலையும் கலந்த வாசனை. மேலே பார்த்தால் மரங்களுக்கு நடுவில் சாலை அகலத்துக்கு மட்டும் ஒரு கீற்று வானம், அதில் கொட்டிவைத்தாற்போல நட்சத்திரம். மதியம் அந்த வெயிலில் கனத்த கால் இதுதானா! யாரோ புதுசாக மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பிடித்தேன். தாண்டும்போது அந்தப் பெண்மணி “அழகா ஓடறீங்க” என்றார். நான் “நீங்களும்” என்றேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் பின்னாலிருந்து காற்று மாதிரி ஒருவர் வந்தார். மத்தியானம் கிளம்பிய அசுர வேக அணி. காலடிச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. “ஒன்பதுக்கு வணக்கம்” என்று சொல்லிவிட்டு மறைந்தார். என் சட்டையில் எழுதியிருந்ததை அந்த வேகத்திலும் படித்திருக்கிறார்!

அடுத்து நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். போர்ட்லேண்ட் சுற்றுவட்டார அணிகள் ஓடுவதற்கு மட்டுமல்ல, வேலை செய்யவும் ஆள் தர வேண்டும் என்பது விதி. அணிக்கு மூன்று தொண்டர்கள். எங்கள் மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். ராத்திரி பதினொன்று முதல் அவருக்கு டியூட்டி, 21-வது எக்ஸ்சேஞ்சில். அதாவது என் லெக் முடிகிற இடம். ஆரஞ்சுச் சட்டையும் டார்ச்சுமாக எங்கோ நிற்பார் என்று தெரியும். வேன்களை நிறுத்துகிற இடத்தில் இருப்பார் என்று நினைத்திருந்தேன்.

கடைசி வளைவில் ஒரு டார்ச் என் நெஞ்சுக்கு வந்தது. பின்னால் இருட்டுக்குள் ஒரு குரல் வாக்கி டாக்கியில் எங்கள் அணியின் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தது. ஆங்கிலத்தில், அலுவலகக் குரலில், நிதானமாக. மூன்றாவது இலக்கத்தில் அந்தக் குரல் உடைந்தது. அவருக்கு என் முகம் தெரியவில்லை, என் நெற்றி விளக்கு அவர் கண்ணைக் கூசவைத்தது. நம்பர்தான் சொல்லியிருக்கிறது. “ஏய், நீயா! வந்துட்டியா! ஓடு, ஓடு, பத்து ரெடியா நிக்கறா!” என்று தமிழில் கத்தினார். அது அப்படியே வாக்கி டாக்கியிலும் போய்விட்டது. கோட்டருகே நின்றவர்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மொத்தக் கூட்டமும் கைதட்டியது. கல்யாணமாகி 19 வருஷம். நான் வருவதை யாரோ இருட்டில் நின்று பார்த்து, வந்துவிட்டேன் என்று ஊருக்கே சொன்னது இதுதான் முதல் தடவை. நான் நிற்க முடியாது. கையை மட்டும் நீட்டினேன், அவர் விரல் பட்டது, தாண்டிப் போனேன். டப்!

கடைசி வரிசைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டம் அப்படி.

மிஸ்ட் என்கிற குக்கிராமத்தில் மணி மூன்றேகாலுக்கு எங்கள் இரண்டாவது சுற்று முடிந்தது. அங்கே ஒரு வயல்வெளி. அதில் நூற்றுக்கணக்கான பேர் தூக்கப்பைக்குள் சுருண்டு கிடந்தார்கள். பனி பெய்து பைகளெல்லாம் மினுமினுத்தன. வேன் நிறுத்துகிற பக்கம் யாரும் படுக்கக் கூடாது என்பது இங்கே மிகக் கறாரான விதி. இருட்டில் திரும்புகிற சக்கரத்துக்குத் தூங்குகிறவர் தெரிய மாட்டார். ஏழு என் நனைந்த தலைமுடியை ஒரு துண்டால் துவட்டிவிட்டாள். நர்ஸ் கை. பதினொன்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு சூப்பை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்தோம். அந்தச் சூப்புக்கு ஈடாக எனக்கு எந்த ஓட்டலிலும் எதுவும் கிடைத்ததில்லை. முக்கால் மணி நேரம் தூங்கியிருப்பேன். விழித்தபோது ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து அலாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராகத்தில்.

கழிவறை வரிசையையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் உள்விஷயம்தானே. இந்தப் பக்கத்தில் தற்காலிகக் கழிவறைகளின் பிராண்ட் பேர் ஹனி பக்கெட், தேன் வாளி! ஒவ்வொரு கைமாற்று இடத்திலும் வரிசையாக நிற்கும். அதன் முன்னால்தான் இந்தப் போட்டியின் நல்ல பேச்செல்லாம் நடக்கிறது. விடிகாலை ஐந்தரை மணிக்கு, கண் வீங்கி, ஒற்றைக் காலில் செருப்போடு ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இது அவருக்கு முதல் வருஷமாம். மூன்றாவது லெக்கை மனைவி பார்க்க வருகிறாளாம். நாங்கள் இரண்டு பேரும் பேப்பர் சுருளைப் பங்கு போட்டுக்கொண்டு பிரிந்தோம்.

சனிக்கிழமை மூன்றாவது சுற்று வேறு மாதிரி. தொடை ஒத்துழைக்காது, முட்டி பேசும். ஆனால் காற்றில் உப்பு வாடை வர ஆரம்பித்துவிடும். எட்டு முடித்துவிட்டு நொண்டிக்கொண்டே வந்து எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். 61 வயது, தன் மூன்றையும் முடித்துவிட்டார். அவருடைய கட்டத்தில் பதினேழு கோடுகள். நான் என் 33-வது லெக்கை எப்படி முடித்தேன் என்றால், எட்டு ஒன்பது என்று மரங்களை எண்ணி எண்ணித்தான். கடைசி அரை மைலில் பூஜ்யம் வேனை ஓரமாக நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, ஜன்னல் வழியாகச் சமையல் கரண்டியால் மணி அடித்தார். அந்த மணியைக் கேட்டதும் எங்கிருந்தோ கால் வந்தது.

பெரிய ஆபத்து 35-வது எக்ஸ்சேஞ்சில் காத்திருந்தது. கடலை நெருங்க நெருங்க எல்லா அணிகளின் வேன்களும் ஒரே சாலையில் சேர்ந்துவிடும். இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வரிசை நின்றுபோனது. பென்சில் கணக்குப்படி பதினொன்று வர ஏழு நிமிஷம். அவள் வரும்போது மணிக்கட்டை நீட்ட ஆள் இல்லையென்றால்? கேப்டன் கதவோரச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். கதவைத் திறந்தார். குதித்தார். நிற்கிற நூறு வேன்களுக்குப் பக்கவாட்டில், தன் கடைசி லெக்கை ஓடுவதற்காக அந்த இடத்துக்கே ஓடினார்! ஒவ்வொரு வேனாகத் தாண்டும்போது உள்ளேயிருந்தவர்கள் விஷயம் புரிந்து ஹாரன் அடித்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் அவர் மறைந்த பிறகும் ஹாரன் சத்தம் முன்னால் நகர்ந்துகொண்டே போவது கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஒரு புல்திட்டில் மல்லாந்து படுத்திருந்தாள். “அவர் வந்து நின்னு மூச்சுவிட்டாரு, நான் வந்தேன்” என்றாள்.

சீசைடின் கடற்கரை நடைபாதையில், லூயிஸும் கிளார்க்கும் கடலைப் பார்த்து நிற்கிற சிலைக்குப் பக்கத்தில், வேன் 1-ன் ஆறு பேரும் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். 2015-ல் இதே கடற்கரையில் சூறைக்காற்று கூடாரங்களைச் சாய்த்து, விழாவையே நிறுத்தவேண்டி வந்தது. இன்று காற்று வெறும் விளையாட்டுப் பிள்ளை, தொப்பியை மட்டும் பறித்தது. ஒன்று பின்பக்கமாகப் படி இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நாலு ஒரு காலில் மட்டும் ஷூ போட்டிருந்தான். எல்லாருக்கும் கண்ணின் கீழே ஒரே கறுப்பு வளையம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம், யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

பன்னிரண்டு வந்தார். நடைபாதையிலிருந்து மணலுக்கு இறங்குகிற இடத்தில் அவரைச் சுற்றிக்கொண்டோம். 320 கிலோமீட்டரில் கடைசி நூறு அடி, பன்னிரண்டு பேரும் சேர்ந்து, மணலில் கால் புதையப் புதைய. மணி ஒன்றேகால். சரியாக 30 மணி நேரம். அதற்கப்புறம் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடலுக்குள் போனோம். பசிபிக் தண்ணீர் ஐஸ். முட்டி வரை நின்றேன். கேப்டன் பட்டையைத் தன் மணிக்கட்டிலிருந்து உரித்து, எட்டின் கையில் போட்டுவிட்டார். எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் அதைக் கழற்றவே இல்லை; சாப்பிடும்போதும் கையில் இருந்தது.

டியூட்டி முடித்துத் தூங்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்றாம். “ராத்திரி இருட்டுல சுலபமா இருந்துச்சு” என்றார். காரில் தோசையும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு வந்திருந்தார், பதினாறு தோசை. வேனிலேயே போய்விடுகிறேன் என்று சொன்னேன். “தெரியும்” என்றார், பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு.

26-ஆம் நெடுஞ்சாலையில் போர்ட்லேண்டுக்குத் திரும்பினோம். காடு, சாயங்கால வெளிச்சம், அதே மலைத்தொடர். பூஜ்யம் பாட்டைக் குறைத்துவிட்டார். பின்வரிசையில் எட்டின் தோளில் ஏழு, பதினொன்றின் மடியில் பத்து. கேப்டன் நடுவில், பென்சில் கணக்கு அட்டையை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை. நான் அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். ஆறு பேரும் இரண்டு வரிசைக்குள் நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டு வந்தோம். கதவோரச் சீட் காலியாக இருந்தது.